டெலக்ருவாவின் ஃபவுஸ்ட் கல்லச்சு: மெஃபிஸ்டோவின் குதிரை மட்டும் ஏன் வெளுப்பு?

புதுவாசகன்:

ஜெர்மன் கவி கதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தின் முதல் பாகத்துக்கு பிரெஞ்சு ஓவியர் யூஜின் டெலக்ருவா போட்ட படங்களில், ஃபவுஸ்டும் அவனோடு வரும் சாத்தான் மெஃபிஸ்டோவும் நள்ளிரவில் குதிரையில் பாய்கிற படம் பற்றிக் கேட்க வேண்டும். பட்டியல்களில் அதற்கு ‘சூனியக்காரிகள் கூடும் இரவில் குதிரையோட்டம்’ என்கிற மாதிரி தலைப்பு இருக்கிறது. எனக்கு மூன்று சந்தேகம்.

சூனியக்காரிகள் ஹார்ட்ஸ் மலையில் கூடும் வால்புர்கிஸ் இரவில் இவர்கள் குதிரையில் போவதாக நாடகத்தில் இல்லையே? ஃபவுஸ்ட் கைத்தடி ஊன்றி மலை ஏறுகிறான். பிறகு எப்படி அந்தத் தலைப்பு?

மூலத்தில் இருவருக்குமே கருப்புக் குதிரை. படத்தில் மெஃபிஸ்டோவுடையது வெளுத்திருக்கிறது. ஓவியர் கவனிக்காமல் விட்டதா?

கடைசியாக, இந்தப் படத்தின் ஒரு தாள் விலைக்கு வந்திருக்கிறது. விவரத்தில் ‘1828, அசல் செதுக்கோவியம், நெர்வால் மொழிபெயர்ப்பிலிருந்து’ என்று போட்டிருக்கிறார்கள். படத்தின் விளிம்பை ஒட்டி வெட்டிய தாள். கீழே எழுத்து ஒன்றும் இல்லை. எதை வைத்துச் சரிபார்ப்பது?

கரிக்கோடு:

ஒரு வரி விவரத்தில் ரெண்டு தப்பு.

அது செதுக்கோவியம் கிடையாது. கல்லச்சு, அதாவது லித்தோகிராஃப். தகட்டைக் கீறி, கீறலுக்குள் மை ஏற்றும் வேலையே இதில் இல்லை. பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புக் குச்சியால் வரைந்து, கல்லின் சமதளத்திலிருந்தே அச்செடுப்பது. ஆலாய்ஸ் செனஃபெல்டர் 1790களின் கடைசியில் மியூனிக்கில் கண்டுபிடித்த முறை. நம்ம ஊரில் சாமி படங்களுக்குப் பேர்போன ரவி வர்மா அச்சகத்து ஓலியோகிராஃபுக்கும் அடிப்படை இதே கல்தான். அங்கே நிறத்துக்கு ஒரு கல், இங்கே மொத்தமும் ஒரே கருப்புக் கல்.

ரெண்டாவது, நெர்வால் இல்லை, ஆல்பெர் ஸ்டாப்ஃபெர். 1828இல் பாரிஸில் ஷார்ல் மோத் வெளியிட்ட பெரிய அளவுப் பதிப்பில் ஸ்டாப்ஃபெரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புதான் இருக்கிறது. நெர்வாலின் மொழிபெயர்ப்பும் அதே சமயத்தில் வந்ததால் இந்தக் குழப்பம் ஓயாது. மோத் பதிப்பில் 17 காட்சிப் படம், கூடவே கதேயின் உருவப்படம் ஒன்று, ஆக 18 கல்லச்சு. டெலக்ருவாவின் அச்சுப்படங்களுக்கு லோய் டெல்டெய் 1908இல் போட்ட பட்டியலில் அவை 57 முதல் 74 வரை. நீங்கள் கேட்கிற குதிரைப் படம் 73. அகலவாக்கில் அமைந்தது, சுமார் 21 செ.மீ. உயரம், 28 செ.மீ. அகலம்.

விவரத்தை எழுதியவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. ஆனால் தாளைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்.

செவ்வியல்பித்தன்:

முதல் சந்தேகத்தில் நீங்கள் சொல்வதே சரி. அந்தத் தலைப்புத்தான் வழிதவற வைக்கிறது.

73ஆம் படம் வால்புர்கிஸ் இரவைச் சேர்ந்தது அன்று. அதற்கு வெகு பின்னால், முதல் பாகம் முடியும் தறுவாயில் வரும் ‘இரவு, திறந்த வெளி’ என்னும் காட்சிக்கு உரியது. ஃபவுஸ்ட் முதல் பாகத்திலேயே மிகச் சிறிய காட்சி. மொத்தம் ஆறே வரிகள். கொலைமேடையைச் சுற்றி அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஃபவுஸ்ட் கேட்கிறான். என்ன சமைக்கிறார்களோ தெரியாது என்கிறான் மெஃபிஸ்டோ. மேலே எழுகிறார்கள், தாழ்கிறார்கள், குனிகிறார்கள், வளைகிறார்கள் என்று ஃபவுஸ்ட் சொல்ல, அது சூனியக்காரிகளின் கூட்டம் என்று பதில் வருகிறது. எதையோ தூவுகிறார்கள், மந்திரிக்கிறார்கள் என்கிறான். ‘கடந்து போ, கடந்து போ!’ அவ்வளவுதான் காட்சி.

இதற்கு முந்தைய காட்சி ‘மப்பும் மந்தாரமுமான பகல், வயல்வெளி’. முதல் பாகத்தில் உரைநடையில் உள்ள ஒரே காட்சி அது. தான் காதலித்துக் கைவிட்ட கிரெட்சன் சிறையில் கிடக்கிறாள் என்று ஃபவுஸ்ட் அறிந்து கொதிப்பது அங்கே. மாயக் குதிரைகள் தயார் என்று மெஃபிஸ்டோ சொல்வதும் அங்கேதான். அடுத்த காட்சி சிறை. ஆக, குதிரை ஓடுவது அவளை மீட்க. கேளிக்கைக்கு அல்ல.

வழியில் தென்படும் இடத்தை கதே ‘ராபென்ஷ்டைன்’ என்கிறார். சொல்லுக்குச் சொல் ‘அண்டங்காக்கைக் கல்’. தலையை வெட்டுவதற்காக ஊருக்கு வெளியே கல்லால் கட்டி உயர்த்திய மேடைக்கு அந்தக் காலத்துப் பெயர். கிரெட்சனுக்குக் காத்திருப்பதும் வாள்தான். அவள் சாகப்போகும் மேடையைத்தான் அந்தக் கூட்டம் தயார் செய்கிறது என்று படிப்பவர்கள் உண்டு. அப்படிப் படித்தால் ஆறு வரியும் கனத்துவிடும். டெலக்ருவா அங்கே தூக்குமரத்தை நிறுத்தினார். அதனால் காட்சி சட்டென்று கண்ணில் பிடிபடுகிறது, ஆனால் வாளின் குறிப்புப் போய்விடுகிறது.

கூட்டத்தில் சூனியக்காரிகள் இருப்பதால் யாரோ ‘சபாத் இரவு’, அதாவது சூனியக்காரிகள் கூடும் இரவு, என்று பெயர் வைத்திருக்க வேண்டும். வால்புர்கிஸ் காட்சிக்கு டெலக்ருவா தனியாக இரண்டு படம் போட்டிருக்கிறார்: ஹார்ட்ஸ் மலையில் இருவரும், பிறகு கிரெட்சனின் நிழலுருவம் தோன்றுவது. 71, 72.

நேர்கோடு:

தலைப்பு தீர்ந்தது. குதிரை தீரவில்லை. ‘கருப்புக் குதிரைகளில் சீறி வருகிறார்கள்’ என்று கதே அரங்கக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். இரண்டுமே கருப்பு. ஓவியர் ஒன்றை வெளுப்பாக்கினார். விளக்கப்படம் என்ற பெயரில் மூலத்தை மாற்ற இவருக்கு என்ன உரிமை? 1816இல் மோரிட்ஸ் ரெட்ஷ் 26 கோட்டோவியங்களில் இதே நாடகத்தை ஒழுங்காகக் காட்டியிருக்கிறார். நிழல் இல்லை, மிகையில்லை. காட்சியில் யார், எங்கே, என்ன செய்கிறார் என்று தெளிவாகத் தெரியும்.

கரிக்கோடு:

ரெட்ஷ் நல்ல உதாரணம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற திசையில் இல்லை. டெலக்ருவாவுக்கு ரெட்ஷ் நன்றாகத் தெரியும். 1862இல் கலை விமர்சகர் ஃபிலிப் பர்ட்டிக்கு எழுதிய கடிதத்தில் அவரே அதைச் சொல்கிறார். அந்தப் படங்களைவிடத் தன்னைத் தூண்டியது 1825இல் லண்டனில் பார்த்த ஃபவுஸ்ட் மேடை நிகழ்ச்சி என்றும் அதிலேயே இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் மேடையில் பார்த்த மெஃபிஸ்டோ அது, புத்தகத்தில் படித்தது மட்டுமில்லை.

குதிரைக்கு வருவோம். இதைக் கல்லின் பக்கமிருந்து பார்க்கணும்.

ரெட்ஷுக்குக் கோடு மட்டும். வெள்ளைத் தாள், மெல்லிய விளிம்புக் கோடு. கருப்புக் குதிரை என்று படித்தவனுக்குத்தான் அது கருப்பு. டெலக்ருவா செய்தது நேர் எதிர். படத்தில் பாதிக்கு மேல் இருட்டு. அந்த இருட்டில் ரெண்டு கருப்புக் குதிரையை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டால் எட்டுக் கால், ரெண்டு வால், ஒரே கரித்திட்டு. எது எவனுடைய குதிரை என்று தெரியாது. வண்ண ஓவியமாக இருந்தால் ஒன்றில் நீலம், ஒன்றில் பழுப்பு கலந்து தப்பிக்கலாம். ஒற்றை மையில் கருப்புக்குப் பின்னால் வெளுப்பு வைத்தால்தான் உருவம் பிரியும்.

அவர் அந்த வெளுப்பைத் தாளின் வெள்ளையாக விட்டுவைப்பது குறைவு. முதலில் கருப்பு போட்டு, பிறகு சுரண்டி எடுப்பார். 1825இல் செய்த ‘மக்பெத்தும் சூனியக்காரிகளும்’ கல்லச்சு அனேகமாக முழுக்கவே அப்படித்தான். கல்லை இருட்டாக்கிவிட்டு, நெருப்பையும் புகையையும் சுரண்டியே வரவழைத்தது. ஃபவுஸ்டில் குச்சியும் சுரண்டியும் கலந்து வேலை செய்திருக்கிறார்.

புதுவாசகன்:

சுரண்டுவது என்றால் கல்லையே சுரண்டுவதா? மை போட்ட பிறகா, முன்பா? கொஞ்சம் வரிசையாகச் சொல்லுங்கள் ஐயா.

கரிக்கோடு:

வரிசையாகவே சொல்கிறேன். நீளமாகத்தான் வரும்.

கல் பல செ.மீ. தடிமன் இருக்கணும். மெலிந்தால் அழுத்துப்பொறியின் சுமையில் பிளந்துவிடும். சாம்பல் நிறக் கல் கெட்டி, நுணுக்கமான வேலைக்கு அதுதான். மஞ்சள் கல் கொஞ்சம் மெத்து. ரெண்டு கல்லை முகத்தோடு முகம் வைத்து, நடுவே சலித்த மணலும் தண்ணீரும் போட்டு வட்டமாக அரைத்தால் மேற்பரப்பில் சொரசொரப்பு வரும். மணல் நைசாக நைசாகச் சொரசொரப்பும் நைசாகும். நடுவில் ஒரே ஒரு பெரிய மணல்துகள் கலந்தாலும் குறுக்கே கீறல் விழும். அந்தக் கீறல் கடைசி அச்சு வரைக்கும் கூடவே வரும்.

வரையும் குச்சி மெழுகு, சோப்பு, மாட்டுக்கொழுப்பு, விளக்குப்புகைக் கரி எல்லாம் காய்ச்சி வார்த்தது. பட்டறைக்குப் பட்டறை அளவும் சேர்மானமும் மாறும். கரி நம் கண்ணுக்கு மட்டும்தான். கல்லில் வேலை செய்வது கொழுப்பு. அதனால் வரையும்போது கை பட்டாலே போச்சு, விரல்ரேகையும் அச்சாகும். கல்லைத் தொடாமல் கைப்பலகை ஊன்றி வரைவது அதற்காகத்தான். படம் இடவலம் மாறி விழும் என்பதையும் மனதில் வைத்துத்தான் வரையணும்.

சுரண்டல் இங்கே வருகிறது, அமிலத்துக்கு முன்னால். குச்சியாலோ, அதே கொழுப்பைக் கரைத்த மையாலோ நிரப்பிய கருப்பில், கூரான கத்தியாலோ முக்கோணச் சுரண்டியாலோ இழுத்தால் கொழுப்பும் அதன் கீழே கல்லின் மெல்லிய படலமும் சேர்ந்து பெயரும். குதிரையின் பிடரி மயிர், விலா எலும்பு, துணி மடிப்பின் ஓரம் எல்லாம் இப்படி வருவது. தவறும் இடம் மூன்று. மேலோட்டமாகச் சுரண்டினால் கொழுப்பு அடியில் தங்கி, வெள்ளை என்று நினைத்த கோடு அச்சில் சாம்பலாக வரும். சுரண்டிய தூளை மென்தூரிகையால் உடனே தள்ளாவிட்டால், அந்தத் தூளிலும் கொழுப்பு உண்டு, வெளுத்த இடத்தில் அப்பிப் புள்ளி புள்ளியாக விழும். மூன்றாவது, சுரண்டிய இடத்தில் சொரசொரப்பு போய்விடும். அதன்மேல் மறுபடி குச்சி பிடிக்காது, வழுக்கும். ஆகவே சுரண்டல் என்பது கடைசி முடிவு, அழித்து எழுத முடியாது.

அடுத்து வேலம்பிசின் கரைசலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவது. இதைப் பலர் கல்லை அரிப்பதாக நினைக்கிறார்கள். கல்லில் வரையாத இடம் மையை ஏற்காதபடி செய்வதே நோக்கம். இன்றைய பட்டறைகளில் 30 மி.லி. கரைசலுக்கு மெல்லிய சாயல் உள்ள இடத்தில் 5, 6 சொட்டு, அடர் கருப்பில் 15 முதல் 20 சொட்டு வரை போவார்கள். கல்லுக்குக் கல் மாறும். அதிகமானால் வானத்திலுள்ள மெல்லிய சாம்பல் எரிந்து காணாமல் போகும். குறைந்தால் சுரண்டிய நுண்கோடு ஒவ்வொன்றாக அடைத்துக்கொள்ளும். ஒரே கல்லில் ரெண்டும் இருந்தால் என்ன செய்வது? இதுதான் இந்தப் படங்களின் தலைவலி. பக்கத்தில் பக்கத்தில் அடர் இருட்டு, மெல்லிய மேகம், மயிரிழை வெளுப்பு. அச்சடிப்பவர் கை தேர்ந்தவராக இல்லாவிட்டால் ஓவியர் எவ்வளவு வரைந்தும் வீண்.

பிறகு பழைய வரைதலை டர்பன்டைனால் கழுவிவிடுவார்கள். கல் வெறுமையாகத் தெரியும், பார்ப்பவர் நெஞ்சு பதறும். ஆனால் கொழுப்பு கல்லுக்குள் இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து, தோல் உருளையால் மை ஏற்றினால் படம் திரும்ப எழும். ஈரம் காய்ந்தால் வெள்ளையிலும் மை ஒட்டும். ஆகவே ஒவ்வொரு அச்சுக்கும் நனை, உருட்டு, தாள் வை, தோல் போர்த்திய மரச்சட்டத்தின் கீழே கல்லை இழு. அந்த மரச்சட்டத்தில் சிறு பள்ளம் இருந்தாலும் அச்சு முழுக்க ஒரு வெளிர்ப்பட்டை ஓடும்.

நேர்கோடு:

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இது எனக்குப் பதில் இல்லை. தொழில்நுட்பத்தின் கட்டாயத்தால் வெளுப்பாக்கினார் என்றால், அது வசதிக்காக மூலத்தை வளைத்ததுதானே?

செவ்வியல்பித்தன்:

அந்தக் கேள்விக்கு மூல ஆசிரியரே பதில் சொல்லியிருக்கிறார். எத்தனை விளக்கப்படத்துக்கு அப்படி வாய்க்கும்!

கதேயோடு பேசியதையெல்லாம் குறித்து வைத்த எக்கர்மன் 1826 நவம்பர் 29ஆம் தேதியிட்டு எழுதிய குறிப்பு. புத்தகம் வருவதற்கு முன்பே கதே கையில் இந்தப் படத்தின் அச்சு இருக்கிறது. ஆக, கல்லில் வரைந்தது 1828இல் அல்ல, 1826க்குள் முடிந்திருக்க வேண்டும். படத்தை எக்கர்மன் அங்குலம் அங்குலமாக விவரிக்கிறார். ஃபவுஸ்டின் கருப்புக் குதிரை வெறியில் பாய்கிறது. தூக்குமரத்தடிப் பேய்களைக் கண்டு மிரள்கிறது. காற்று அவன் தொப்பியைப் பறித்துவிட, வார்ப்பட்டையால் கழுத்தில் மாட்டிக்கொண்டு அது பின்னால் பறக்கிறது. மெஃபிஸ்டோவோ மேலான ஒரு பிறவி மாதிரி அமைதியாக. அவனுடையது உயிருள்ள குதிரையே இல்லை, ஏனென்றால் உயிருள்ளது எதுவும் அவனுக்குப் பிடிக்காது. அது வெறும் எலும்புக்கூட்டுச் சவக்குதிரை. கடிவாளம் இல்லை, சேணம் இல்லை. வெளிர் நிறம், இருட்டில் தானே ஒளிர்வது போல.

கதே இதையெல்லாம் ஏற்றுக்கொண்டு, தான்கூட இவ்வளவு முழுமையாக நினைத்துப் பார்த்ததில்லை என்ற பொருளில் பேசுகிறார். அரங்கக் குறிப்பில் ‘கருப்புக் குதிரைகள்’ என்று எழுதியவரும் அவரே.

என் கணக்கில் விஷயம் இப்படி. கருப்பும் வெளுப்பும் பிரியவேண்டும் என்பது கல்லின் தேவை. எந்தக் குதிரை வெளுக்க வேண்டும் என்பது கல்லின் தேவை அல்ல. ஃபவுஸ்டின் குதிரையை வெளுப்பாக்கியிருந்தாலும் உருவம் பிரிந்திருக்கும். மெஃபிஸ்டோவின் குதிரையைத் தேர்ந்தெடுத்தது ஓவியர் நாடகத்தைப் படித்த விதம்.

ஒன்று மட்டும் உங்கள் பக்கம் விட்டுக்கொடுக்கிறேன். சிறைக் காட்சியின் முடிவில், பொழுது விடிகிறது, என் குதிரைகள் நடுங்குகின்றன என்று மெஃபிஸ்டோ சொல்வான். படத்திலுள்ள அந்தச் சவம் நடுங்குமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பின்னால் 1846இல் இசையில் இதே சவாரியைச் செய்த பெர்லியோஸ் இரண்டையும் கருப்பாகவே வைத்துக்கொண்டார். ஒலிக்கு நிறம் பிரியத் தேவையில்லையே.

நேர்கோடு:

சிறைக் காட்சி வரியை நான் மறந்திருந்தேன். அதை நீங்களே எடுத்துக் கொடுத்தது நேர்மை. கதே மெச்சினார் என்பதால் அது மூலத்தோடு ஒத்துப்போகிறது என்று ஆகாது என்பதில் மட்டும் நான் நிற்கிறேன். முதல் படத்தையே பாருங்கள். மெஃபிஸ்டோ இறக்கை விரித்து நகரத்துக்கு மேல் பறக்கிறான். நாடகத்தில் அப்படி ஒரு காட்சி எங்கே?

செவ்வியல்பித்தன்:

இல்லை. விண்ணுலக முன்னுரையின் கடைசியில், ‘கிழவரை அவ்வப்போது பார்ப்பது எனக்குப் பிடிக்கும்’ என்று அவன் தனியாகப் பேசும் வரியைத்தான் படத்தின் கீழே பிரெஞ்சில் போட்டிருக்கிறார்கள். பறப்பது ஓவியரின் சேர்க்கை. அந்த வசனத்துக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் நாடகம் சொல்லாமல் விட்ட இடத்தை அவர் வரைந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அதைக் குறையாகப் பார்க்கிறீர்கள், எனக்கு 17 படங்களில் பிடித்ததே அதுதான்.

தாள்வாசி:

இலக்கியம் ஓடட்டும். கேள்வி கேட்டவரின் மூன்றாவது சந்தேகத்தை யாரும் தொடவில்லை.

படத்தை ஒட்டி வெட்டிய தாள் என்றாலே பாதிச் சாட்சி போய்விட்டது. இந்த வரிசையில் ஒரு பிரதி எந்தக் கட்டத்தில் எடுத்தது என்று சொல்வது கீழ் ஓரம்தான்.

முதல் கட்டம்: எழுத்து ஏதும் இல்லாத பிரதிகள். இவற்றில் பலவற்றில் படத்தைச் சுற்றியுள்ள ஓரத்தில் டெலக்ருவா கிறுக்கிய சின்னச் சின்ன உருவங்கள் இருக்கும். விலங்கு, தலை, கவசம் என்று காட்சிக்குச் சம்பந்தமில்லாதவைகூட. பதிப்புக்குப் போகும்முன் அவற்றைக் கல்லிலிருந்து தேய்த்து அழித்துவிட்டார்கள். ஆகவே ஓரச் சித்திரத்தோடு இருப்பது அரிது, விலையும் அதற்கேற்ப. பிறகு பிரெஞ்சு வசனமும் மோத்தின் பெயரும் பொறித்த 1828 பிரதிகள். அதற்குப் பின் அச்சகத்தார் பெயரும் முகவரியும் மாறிய பிந்தைய எடுப்புகள். ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை ஸ்டேட், அதாவது கல்லில் மாற்றம் செய்து எடுத்த கட்டம், என்பது வேறுபடும். டெல்டெய் பட்டியலைப் படத்துக்குப் படம் பார்க்க வேண்டும், பொதுவாகச் சொல்ல முடியாது.

இங்கேதான் சூழ்ச்சியும் நடக்கும். எழுத்து இல்லாத தாளைக் காட்டி ‘எழுத்துக்கு முந்தைய ஸ்டேட்’ என்பார்கள். வெட்டி எறிந்ததும் எழுத்து இல்லாததுதான். ஓரம் இரண்டு விரலாவது இருந்து, அதில் எழுத்து இல்லாவிட்டால் மட்டும் பேச்சுக்கு வரலாம்.

ஓரம் இல்லாதபோது செய்யக்கூடியது:

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) எடுத்து, சாம்பல் சாயல் உள்ள இடத்தையும் அடர் கருப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். கல்லச்சு என்றால் சாம்பலில் ஒழுங்கற்ற மணல்துகள் போன்ற புள்ளி, கருப்பில் மை ஒரே திட்டு. புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் ஆஃப்செட், இருபதாம் நூற்றாண்டுப் புத்தகப் பக்கம், பேச்சை நிறுத்திவிடலாம். புழு நெளிவது போல வலைப்பின்னல் தெரிந்தால் கொலோடைப், கண்ணாடியில் ஜெலட்டின் பூசி எடுத்த ஒளிப்பட நகல். இதுதான் ஆளை ஏமாற்றும், ஏனென்றால் வெறும் கண்ணுக்குக் கல்லச்சு போலவே இருக்கும். தாளைச் சுற்றி ஆழமான தகட்டுப் பள்ளம் இருந்தால் ஒளிச்செதுக்கு, அதாவது ஒளிப்படத்தைத் தகட்டில் பொறித்து எடுத்த நகலாக இருக்கலாம். கல்லச்சில் அந்தப் பள்ளம் வர வேலையில்லை.

அடுத்தது சுரண்டல் கோடு. 73இல் அந்த வெளிர் குதிரையின் எலும்புகளிலும் பிடரியிலும் பாருங்கள். நல்ல ஆரம்பப் பிரதியில் ஒவ்வொரு கோடும் கூர்மையாக, கருப்பிலிருந்து கிழித்தெடுத்தது போல இருக்கும். பல பிரதி எடுத்த பிறகு நுண்கோடு மையால் அடைபடும், இன்னொரு பக்கம் வானத்தின் மெல்லிய சாம்பல் தேயும். ஆக, பிந்தைய பிரதியில் இருட்டு தட்டையாகவும் வானம் மொட்டையாகவும் இருக்கும்.

புதுவாசகன்:

தாள் இரண்டு அடுக்காகத் தெரிகிறது. படம் இருக்கும் பகுதி லேசான பழுப்பு, வெளியே ஒரு நூல் அளவுக்கு வெள்ளை. இது நல்ல அறிகுறியா?

தாள்வாசி:

நிஜமான அடுக்காக இருந்தால் நல்லது. அது சீனத்தாள் ஒட்டு. மெல்லிய சீனத்தாளைப் படத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, பின்பக்கம் மாவுப்பசை தடவிக் காயவைத்து, ஈரப்படுத்தி மை ஏற்றிய கல்மேல் பசைப்பக்கம் மேலே இருக்க வைப்பார்கள். அதன்மேல் நனைந்த தடித்த தாள். ஒரே இழுப்பில் படமும் விழும், தாளும் தாளும் ஒட்டும். மெல்லிய தாள் கல்லின் நுண்மையை நன்றாக வாங்கும் என்பதற்காகவே இவ்வளவு சிரமம். பசை சீராக இல்லாவிட்டால் குமிழி விழும். மூலையில் குறைந்தால் பிற்காலத்தில் தூக்கிக்கொள்ளும்.

சோதிப்பது எளிது. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கைவிளக்கைத் தாளின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். நிஜ ஒட்டு என்றால் விளிம்பில் மெல்லிய படி தெரியும். படி இல்லாமல் நிறம் மட்டும் மாறினால், அந்தப் பழுப்பு அச்சடித்தது. எந்தக் காரணம் கொண்டும் நனைத்துப் பார்க்காதீர்கள். அடுக்கு பிரிந்தால் சுருங்கும் அளவு இரண்டுக்கும் வேறு, திரும்பப் பொருந்தாது. பழுப்புப் புள்ளிகளை வீட்டில் பிளீச் போட்டு எடுக்கிறேன் என்பவர்களிடம் இதைப் பேசுவதே வீண்.

கரிக்கோடு:

ஒரு சேர்க்கை. ‘ஆரம்பப் பிரதி எல்லாம் உசத்தி, பிந்தையது எல்லாம் குப்பை’ என்று புரிந்துகொள்ள வேண்டாம். கல்லச்சு செம்புத் தகடு மாதிரி வேகமாகத் தேயாது. பிசின் சரியாகப் பூசி வைத்த கல் நிறையப் பிரதி தாங்கும். கெடுப்பது பெரும்பாலும் எண்ணிக்கை இல்லை, இடைவெளிதான். கல்லை நாள் கணக்கில் போட்டுவைத்து மறுபடி மை ஏற்றும்போது, பழைய மை காய்ந்து இறுகியிருந்தால் மறு உருட்டலில் அடைப்பு வரும். கவனமான கையில் பிந்தைய எடுப்பும் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. டெலக்ருவாவின் ஹாம்லெட் வரிசையையே பாருங்கள். 1843இல் 13 படம் வெளிவந்தது. 1864இல், அவர் இறந்த பின், மிச்சம் 3 படத்தையும் சேர்த்து 16ஆக வெளியிட்டார்கள். அந்த மூன்று வேண்டும் என்றால் இறப்புக்குப் பிந்தைய எடுப்பைத்தான் தேடணும், வேறு வழியில்லை.

நேர்கோடு:

இவ்வளவு உழைத்தும் ஃபவுஸ்ட் விற்கவில்லை, இல்லையா?

செவ்வியல்பித்தன்:

விற்கவில்லை. அதே 1862 கடிதத்தில், படங்களை மொழிபெயர்ப்போடு சேர்த்து வெளியிடலாம் என்ற மோத்தின் யோசனையே விற்பனையைக் கெடுத்தது என்று டெலக்ருவா குறைப்படுகிறார். கேலிச் சித்திரம் போட்டார்கள், அழகின்மைப் பள்ளியின் தலைவர்களில் ஒருவன் என்று பெயர் வைத்தார்கள். கைக்கு வந்தது ஏறத்தாழ நூறு ஃப்ராங்கும், லாரன்ஸ் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கிய ஓர் அச்சுப்படமும். ஓவியர் ஜெரார் மெச்சிய படம் மதுக்கடைக் காட்சி. கதேயும் சவாரிக்கு அடுத்து எடுத்துப் பேசுவது அதைத்தான், சிந்திய மது நெருப்பாகிற கணத்தை. நெருப்பும் இருட்டும் அடுத்தடுத்து வரும் படம், திரும்பவும் சுரண்டியின் வேலைக்குத் தோதானது.

புதுவாசகன்:

லூப்பிலும் பக்கவாட்டு விளக்கிலும் பார்த்தாயிற்று. விளிம்பில் படி இல்லை, விரலுக்கும் தட்டுப்படவில்லை. சாம்பல் பகுதியில் தாள்வாசி சொன்ன புழு நெளிவு. குதிரையின் விலாவில் வெள்ளைக்கோடு கூர்மையாக இல்லை, ஓரம் மங்கலாக இருக்கிறது. கருப்பும் முழுத் திட்டாக இல்லை, அதற்குள்ளும் நெளிவு தெரிகிறது.

தாள்வாசி:

அப்படியானால் கொலோடைப். சீனத்தாளின் பழுப்பையும் சேர்த்துப் படம்பிடித்து அடித்திருக்கிறார்கள். தாளின் பின்பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள். நகல் தொகுப்பிலிருந்து பிரித்ததாக இருந்தால் மூலையில் தொகுப்பு எண்ணோ நிறுவன முத்திரையோ மிஞ்சியிருக்கலாம். படத்தைப் பார்த்துப் படிக்க இது தாராளமாகப் போதும், நல்ல கொலோடைப் சாயலைப் பெருமளவு காப்பாற்றும். மாட்டி வைப்பதானால் பசை டேப் வேண்டாம், மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டு இரண்டு, கோதுமை மாவுப் பசை, பருத்தி அட்டை. 1828 என்ற விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

கரிக்கோடு:

பேரம் பேசும்போது அந்த விலா எலும்பைக் காட்டிப் பேசுங்கள். சுரண்டிய கோட்டுக்கு மங்கல் ஓரம் வராது.

புதுவாசகன்:

பின்பக்கம் வலது கீழ் மூலையில் பென்சிலால் ‘16’ என்று இருக்கிறது. முத்திரை இல்லை.

செவ்வியல்பித்தன்:

17 காட்சிகளின் வரிசையில் சவாரி பதினாறாவது, சிறை பதினேழாவது. யாரோ முழுத் தொகுப்பைப் பிரித்திருக்கிறார்கள். மிச்சம் 16 தாளும் அதே கடையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.